திராட்சைத் தோட்டமும் பனந்தோப்பும்

தந்தை தேடிய பொருளை மைந்தன் காத்தலும், மைந்தன் காத்ததைப் பேரன் பெருக்குதலும் உலகத்து நன்மக்களின் இயல்பாம். ஆயினும் எல்லாக் குடும்பங்களிலும் இஃது ஒரே விதமாய் நிகழ்வதில்லை. ஓரிடத்தில் அறுநூறு ஆண்டுகளாக ஒரு தொழில் ஒரே குடியின் கையிலிருந்து வருகின்றது. மற்றோரிடத்தில் மூன்றாந் தலைமுறைக்குள் வேலியுமில்லை, வித்துமில்லை என்றாகின்றது. இதன் காரணம் யாதென ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

சென்ற சாரற் பருவத்தில் நாம் குற்றாலத்திற்குச் சென்றிருந்தபோது, மேனாட்டில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நம் சமூகத்து இளைஞர் ஒருவர் எம்மோடு அளவளாவினார். அருவியில் நீராடித் தென்காசிக்குத் திரும்பும் வழியில், சாலையோரக் கடையொன்றில் கருப்பட்டி அடுக்கியிருக்கக் கண்டு அவர் சொன்னார்: “ஐயா, இத்தாலி தேசத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தைக் காணச் சென்றேன். தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் மது வடித்த கதையை அவர்கள் பெருமையோடு எடுத்துரைத்து, அதைக் கேட்கவே காசும் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டிலோ, பாட்டனார் பனையேறினார் என்று சொல்ல வாய் கூசுகிறார்கள். அதுவும் சாறு, இதுவும் சாறுதானே? அவர்களுக்குப் பெருமையாய் இருப்பது நமக்கு மட்டும் ஏன் சிறுமையாயிற்று?”

அப்போது எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிய பின்னர் ஆராய்ந்து கண்டவற்றை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

மேனாட்டுக் குடி ஒன்று

இத்தாலியிலுள்ள பிளாரன்சு மாநகரில் அந்தினோரி என்னும் குடும்பம் உளது. அக்குடும்பத்து முன்னோராகிய ஜொவான்னி தி பியரோ அந்தினோரி என்பார் 1385-ஆம் ஆண்டில் அந்நகரத்துத் திராட்சைமது வணிகர் சங்கத்தில் அங்கத்தினராய்ச் சேர்ந்தார். அன்று தொடங்கி இன்றுவரை இருபத்தாறு தலைமுறைகளாக அக்குடியினர் இத்தொழிலை விடாது நடத்தி வருகின்றனர். 1506-இல் அவர்கள் வாங்கிய மாளிகை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றது. அவர்களுக்கு அண்மையில் புரோலியோ என்னும் கோட்டையையும் தோட்டத்தையும் உடைய ரிக்காசோலி குடும்பத்தின் உரிமை 1141-ஆம் ஆண்டினின்று எண்ணப்படுகின்றது. அக்குடும்பத்துப் பெத்தினோ ரிக்காசோலி இத்தாலியின் பிரதம மந்திரியாய் இருந்தவர். கியாந்தி என்னும் மதுவுக்கு எவ்வெத் திராட்சையை எவ்வாறு கலக்கவேண்டுமென்று 1872-இல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தவரும் அவரே. அரசாண்ட கை திராட்சை வகையையும் ஆராய்ந்தது. அதனால் அக்கைக்கு இழிவு வந்ததாக அந்நாட்டார் ஒருவரும் கருதினாரில்லை.

இக்குடிகளுக்கு இடுக்கண் வாராமலில்லை. 1863-ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்தில் காணப்பட்ட பில்லாக்சரா என்னும் சிறு பூச்சி, திராட்சைக்கொடியின் வேரைத் தின்று ஐரோப்பாவின் தோட்டங்களைப் பெரும்பாலும் பாழாக்கிற்று. அமெரிக்கக் கொடியின் வேரில் தம் நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டி, தோட்டங்களை அடியிலிருந்து மீண்டும் அமைத்தனர். பூச்சியினும் கொடியது பாகப்பிரிவினை. பர்கண்டி நாட்டில் குளோ த வூஜோ என்றொரு தோட்டம் உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துறவியர் அமைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஹெக்டேர் பரப்புடையது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்தினின்று பறிக்கப்பட்ட பின்னும் 1889 வரையில் ஒருவர் பின் ஒருவராக ஒரே கையில் முழுமையாய் இருந்தது. அவ்வாண்டில் பலருக்கு விற்கப்பட்டது. மக்கள் யாவருக்கும் சமபாகம் என்ற 1804-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நாட்டில் நடைமுறையில் இருந்தமையால், அப்பங்குகளும் மேன்மேலும் பிளந்தன. இந்நாளில் அம்மதிலுக்குள் ஏறத்தாழ எண்பது உடைமைக்காரர் இருக்கின்றனர். சிலருக்கு உரியவை சில வரிசைக் கொடிகளே.

அந்தினோரி குடும்பத்திலும் இச்சோதனை நேர்ந்தது. 1980-களில் உடன்பிறந்தார் தத்தம் பங்கை விற்க விரும்பினமையால் ஆங்கிலக் கம்பெனியொன்று உள்ளே புகுந்தது. பின்னர், தொழிலை நடத்திய பியரோ அந்தினோரி அப்பங்கை 1990-களின் தொடக்கத்தில் மீட்டுக்கொண்டார். அவருக்கு ஆண்மக்களில்லை, புதல்வியர் மூவர். அம்மூவரே இன்று தொழிலை ஏற்று நடத்துகின்றனர். இருபத்தைந்து தலைமுறை ஆண்கள் காத்த தொழில் பெண்கள் கைக்கு வந்ததனால் அதன் பெயர் மாறவுமில்லை, பெருமை குன்றவுமில்லை.

நம் பனை

இனி நம் நாட்டுக்கு வருவோம். தென்காசியினின்று கிழக்கு நோக்கிப் பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை என்னும் ஊர்ப்பக்கமாகச் செல்வோர், குற்றாலத்துப் பசுமை மெல்ல மெல்லக் குறைந்து, குளக்கரைகளிலும் புன்செய் வரப்புகளிலும் பனைகள் நிமிர்ந்து நிற்பதைக் காண்பர். திராட்சைக்கொடி நட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பனையோ பாளை விடுவதற்குப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் ஆகும். சில நிலத்தில் இருபதும் ஆகும். விதைத்தவன் அதன் முதற்பதனீரைக் காண்பதே அரிது. ஆயின் அவன் பேரனும் பேரன் மகனும் காண்பர். ஆதலின், பனை விதைக்கும் செயலே சந்ததியை நினைந்து செய்யும் செயலாம். நீர் பாய்ச்ச வேண்டுவதில்லை, எருவிட வேண்டுவதில்லை. திருவள்ளுவரும் சிறுமைக்குத் தினையையும் பெருமைக்குப் பனையையும் அளவாகக் கொண்டார். சேரர்குடியினர் பனம்பூவைத் தம் அடையாள மாலையாகச் சூடினர். நம் முன்னோர் நூல்கள் அழியாது நமக்குக் கிடைத்ததும் பனையோலையினாலன்றோ!

மரம் தானே வளரினும், சாறு தானே வாராது. தளைநார் காலிற் பூட்டி, அரிவாட்பெட்டியை இடுப்பிற் கட்டி, ஒருவன் நாளொன்றுக்கு இருமுறை முப்பது நாற்பது மரங்கள் ஏறி இறங்குவான். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதமாக்கி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாய்ச் சீவுதல் வேண்டும். சற்று மிகுதியாய்ச் சீவினால் பாளை வீணாகும். சற்றுக் குறைந்தால் சாறு அடைபடும். ஒருநாள் தவறினாலும் ஊற்று நின்றுவிடும். இப்பதம் ஏட்டில் எழுதப்பட்டதன்று. தந்தையின் கையைப் பார்த்து மைந்தன் கற்றது. இறக்கிய பதனீரை விடிலியில் காய்ச்சுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்களே. பாகு முதிரும் பதத்தைக் கண்ணாலும் மணத்தாலும் அறிந்து, சிரட்டையில் வார்த்துக் கருப்பட்டியாக்குவர். பருவ மாதங்களில் புகையினூடே அவர்கள் பட்ட பாட்டைச் சரித்திரக்காரர் எவரும் எழுதவில்லை. பனையேறிய ஆணின் உழைப்பைப் பேசுவோரும் விடிலியில் வெந்த பெண்ணின் உழைப்பை மறந்து விடுகின்றனர்.

ஒரே பாளையிலிருந்து இருவகைப் பொருள் வருவதை யாவரும் அறிவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதனீர். தடவாது விட்டால் கள். காற்றிலும் பாளையிலும் இயற்கையாய் உள்ள நுரைமம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகின்றது. சுண்ணாம்பின் காரம் அதனைத் தடுக்கின்றது. 1866-இல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி திராட்சைமதுவைப் பற்றித் தனிநூல் எழுதி, நுண்ணுயிரின் தொழிலை விளக்கினார். அவர் பெயரைக் கேட்டறியாத நம் மூதாட்டியர் அத்தொழிலை ஒரு விரற் சுண்ணாம்பால் நிறுத்தக் கற்றிருந்தனர்.

பெருங்குடி ஏன் எழவில்லை?

இத்துணைத் திறமும் உழைப்பும் இருந்தும், பனையினின்று அந்தினோரி போன்றதொரு பெருங்குடி நம்மிடை எழாமைக்குக் காரணம் யாது? எமக்குத் தோன்றுவன நான்கு.

முதலாவது, பொருளின் இயற்கை. திராட்சைச் சாற்றில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற்பட்ட சர்க்கரையும், அதனோடு புளிப்பும் உண்டு. ஆதலின் அதன் மது வலிமையுற்று நிலவறையில் ஆண்டுக்கணக்காய் நிற்கும். நாளாக நாளாக விலையும் ஏறும். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எவர் வடித்தது என்று பெயர் எழுதி வைக்கலாம். கள்ளோ காலையில் இறக்கியது மறுநாளைக்குள் புளித்துக் காடியாகிவிடும். நாள் கடந்து நில்லாத பொருளுக்கு நிலவறை ஏது? நிலவறை இல்லாத இடத்தில் பெயர் எவ்வாறு நிலைக்கும்?

இரண்டாவது, நிலவுரிமை. அந்தினோரி குடும்பத்துக்குக் கொடியும் சொந்தம், மண்ணும் சொந்தம். நம் முன்னோரில் நிலமுடையார் சிலரே. பலர் பிறர் நிலத்துப் பனையைப் பாட்டத்துக்குக் கொண்டு, இறக்கியதில் ஒரு பகுதியை உடையவனுக்கு அளந்தனர். தலைமுறைதோறும் அவர்கள் கைமாற்றிக் கொடுத்தது அரிவாளும் கைத்திறமுமே; மரத்தையன்று.

மூன்றாவது, அரசாங்கம். 1886-ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், கள் இறக்கும் மரத்துக்கு வரியும், விற்கும் கடைக்கு ஏலமும் ஏற்பட்டன. ஏறியவன் கூலியாளானான், ஏலம் எடுத்தவன் முதலாளியானான், வருமானத்திற் பெரும்பங்கு கஜானாவுக்குச் சென்றது. அந்தினோரியின் முன்னோர் சேர்ந்தது வணிகர் தாமே கூடி அமைத்த சங்கம். நம் முன்னோர் நின்றது பிறர் கூறிய ஏலத்தின் கீழ்.

நான்காவது, சமூகக் கொடுமை. மற்ற மூன்றினும் இதுவே நெஞ்சைச் சுடுவது. செய்த தொழிலை வைத்தே நம்மவரை இழிபெயரிட்டு அழைத்தனர். கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தினர். அக்காலத்தில் திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சேர்ந்திருந்த பகுதிகளில், நம் பெண்மக்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசர் பிரகடனத்தால் அவ்வுரிமை ஒருவாறு கிடைத்தது. தென்காசிக்கு மிக அண்மையிலுள்ள செங்கோட்டையும் அக்காலத்தில் அவ்விராச்சியத்தின் எல்லையுட்பட்டதே. கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் நமக்கு மாறாகவே முடிந்தது.

இளைஞர் கேட்ட வினாவுக்கு விடை ஈதே. சாறு இரண்டும் ஒன்றே. ஆயின் வடித்தவனை அந்நாடு வணிகன் என்றது, இந்நாடு தீண்டற்கு ஆகாதவன் என்றது. பெருமையும் சிறுமையும் பாளையிற் பிறந்தனவல்ல. பார்த்தவர் கண்ணிற் பிறந்தன.

கருப்பட்டி தந்த முதல்

ஆயினும் நம் முன்னோர் வாளாவிருந்தாரல்லர். கள் நில்லாது, கருப்பட்டி நிற்கும். இவ்வொரு வேறுபாட்டிற் பிறந்ததே நம் வணிக சரித்திரம் என்று கூறுதல் மிகையாகாது. கருப்பட்டியையும் உப்பையும் கருவாட்டையும் மாட்டின்மேலும் வண்டியிலும் ஏற்றித் தெற்கிருந்து வடக்கே சென்றோர், வழியில் பேட்டைகள் அமைத்தனர். வந்த சரக்குக்கு ஒரு சிறு தொகை மகமையாய் எடுத்துப் பொதுநிதி சேர்த்தனர். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் உறவின்முறைகள் அந்நிதியால் பள்ளியும் கிணறும் சந்தையும் கண்டன. 1910-இல் பொறையாற்றில் இராவ் பகதூர் இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு நிறுவப்பட்டது. இன்று தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு என வழங்குவது அதுவே. அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் தன் ஏடுகளில் பழைய பெயரை நீக்கி, நாடார் என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது.

அந்நாட்களில் நம் தலைவர்கள் கள்ளிறக்குதலை விடுமாறு வற்புறுத்தினர். 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுதும் பரவியது. பின்னர் 1971-இல் தளர்த்தப்பட்டும் மீண்டும் இறுக்கப்பட்டும் மாறிமாறி வந்து, 1987-இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. குடியினால் குலையும் குடும்பங்களை நாம் அறிவோமாதலின், அத்தலைவர்கள் செய்தது நன்றென்றே கொள்கின்றோம். கள்ளுக்காக வாதிடுதல் எம் கருத்தன்று.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. கள்ளை விடவேண்டுமென்று தொடங்கிய பேச்சு, காலப்போக்கில் பனையையும் விடவேண்டுமென்று ஆயிற்று. பனையை விட்டவன் பனையேறியை இகழவும் தலைப்பட்டான். கடை வைத்தவன் வீட்டில் பனையேறி மகனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கினர். பிறர் நம்மேல் எறிந்த கல்லை நாமே எடுத்து நம் உடன்பிறந்தார்மேல் எறிந்தோம். இது நம் சரித்திரத்தில் நாம் நாணத்தக்க பகுதி, பனையேறியதன்று.

இன்று செய்யத்தக்கது

இந்நாளில் பனையேறத் தெரிந்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. செங்கற் சூளைக்கு விறகாகப் பனைகள் வெட்டுண்டு போகின்றன. 1978-இல் மாநில மரமென்று பெயர் சூட்டப்பட்ட மரத்தின் நிலை இது. 2021-ஆம் ஆண்டு வேளாண்மைக்கெனத் தனியே அளிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், 76 இலட்சம் பனை விதைகள் வழங்கவும், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டாமல் தடுக்கவும் அரசு ஏற்பாடு செய்தது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திராட்சைமதுவுக்கு ஊர்ப்பெயர் தந்த மதிப்பை, நம் கருப்பட்டிக்கும் ஊர்ப்பெயர் தரத் தொடங்கியிருக்கின்றது. உடன்குடிக்கு ஆனது நம் ஊர்களுக்கும் ஆகாதோ?

ஆயின் அரசாங்கத்தால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. நம் வீடுகளில் பாகப்பிரிவினை நடக்கும்போது முதலில் வீழ்வது வரப்புப் பனையே. “யாருடைய பங்கு?” என்ற வழக்கெழுந்ததும், எவர்க்கும் இல்லாதபடி அதை வெட்டி விற்றுப் பணத்தைப் பிரிப்பது வழக்கமாகிவிட்டது. நிலத்தைப் பிரித்தாலும் பனையைப் பொதுவில் வைத்து, பாட்டப்பணத்தை மட்டும் பங்கிட்டுக்கொள்ளுதல் கூடாதா? 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தாலும் 2005-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தாலும் பெண்மக்களுக்கும் பூர்விகச் சொத்தில் சமவுரிமை உண்டு. விடிலியில் நின்றவர் பெண்கள். அவர்தம் பேத்தியர் உடைமைக்காரராய் வருதல் முறையே. பிளாரன்சு நகரத்து மூவர் செய்வதை நம் புதல்வியர் செய்யமாட்டாரோ?

தென்காசிக் கல்வெட்டு

இறுதியாக ஒன்று. ஜொவான்னி அந்தினோரி வணிகர் சங்கத்திற் சேர்ந்து அறுபத்தோராண்டுகள் கழித்து, 1446-இல், பராக்கிரம பாண்டியர் தென்காசியில் காசி விசுவநாதர் ஆலயத்திற்குத் திருப்பணி தொடங்கினார். அம்மன்னர் அங்கே கல்லிற் பொறித்துவைத்த வேண்டுகோள் வியக்கத்தக்கது. இவ்வாலயத்திற்குப் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் யாவராயினும், அவரை உலகறியப் பணிகின்றேன் என்கின்றார். என் மகன் என்று கூறவில்லை. என் குலத்தான் என்று கூறவில்லை. யாவராயினும் என்றார்.

காலத்தால் இராஜகோபுரம் சிதைந்து நெடுநாள் மொட்டையாய் நின்றது. அதனை ஒன்பது நிலையாக மீண்டும் எழுப்பும் திருப்பணியை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சிவந்தி ஆதித்தனார். 1990-இல் கும்பாபிஷேகம் நடந்தது. 1939-ஆம் ஆண்டு ஆலயப்பிரவேசச் சட்டத்திற்கு முன்னர் எக்குலத்தாருக்குக் கோயிற் கதவுகள் அடைக்கப்பட்டிருந்தனவோ, அக்குலத்திற் பிறந்தவர் அவர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரசர் செய்த வணக்கம் யாருக்குச் சென்று சேர்ந்தது பாருங்கள்!

ஆதலின், நேயர்களே, ஒரு பொருளுக்கு வாரிசு யார் என்பதைப் பத்திரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. குறை நேர்ந்தபோது அதைக் காப்பவனே வாரிசு. அந்தினோரி குடும்பம் பூச்சிக்கும் பிரிவினைக்கும் தப்பித் தம் தோட்டத்தைக் காத்தது. ஆதலின் அது அவர்களுடையது. நம் பனையும் ஒரு காப்பாளனை எதிர்நோக்கி நிற்கின்றது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு தம் ஊர்க் குளக்கரையில் பத்து விதையேனும் ஊன்றுவாராக. அவை பாளைவிடும் நாளில் நம்மிற் பலர் இரோம்; நம் பேரப்பிள்ளைகள் இருப்பர். அன்று அவர்கள் நண்பர்களை அம்மரத்தடிக்கு அழைத்துச் சென்று, “எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பனையேறியவர்” என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும். அந்த ஒரு சொல்லை அவர்களுக்கு விட்டுச் செல்வதே நாம் வைக்கத்தக்க தலைமுறைச் செல்வமாகும்.